4440, 7294, 3886, 5200/1943, கிளாஸ்-டி: எந்த ஆம்ப் போர்டில் ஒலி சுத்தம்?

கேள்வி இதுதான்: கையில் 12-0-12 (நடு வயரிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் ஏ.சி.), 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் 8 ஓம் ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டும் இருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பாட்டு கேட்க மட்டுமே வேண்டும். எல்.ஏ. 4440, டி.டி.ஏ. 7294, எல்.எம். 3886, 5200/1943 டிரான்ஸிஸ்டர் போர்டு, கிளாஸ்-டி (டிரான்ஸிஸ்டரை வேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும்) போர்டு ஆகியவற்றில் எதன் சவுண்ட் குவாலிட்டி சிறந்தது?

4440-ஐத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மற்ற நான்கும் சரியாகக் கட்டப்பட்டு, கிளிப் ஆகாத (சிக்னலின் உச்சி வெட்டுப்படாத) அளவில் ஓடும்போது, கண்ணை மூடிக்கொண்டு இது இன்னது என்று சொல்வது மிகக் கடினம். ஆனால் கடையில் வாங்கி மாட்டிக் கேட்கும் போர்டுகள் நிஜமாகவே வேறு வேறு மாதிரி ஒலிக்கின்றன. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஐ.சி.யின் பெயரில் இல்லை. சப்ளை வோல்டேஜ், கெயின் (சிக்னலை எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு), பயாஸ் (சிக்னல் இல்லாதபோதும் டிரான்ஸிஸ்டரில் ஓடவிடும் சிறு கரண்ட்), கிரவுண்ட் வயரிங், போலி பாகம், முன்னால் மாட்டிய டோன் போர்டு என்று அது பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. அதனால் போர்டை ஒப்பிடுவதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் டிரான்ஸ்ஃபார்மர். 12 வோல்ட் ஏ.சி.யை 1.414 ஆல் பெருக்கி, டயோடில் விழும் ஒரு வோல்ட்டைக் கழித்தால் ±16 வோல்ட் டி.சி. கிடைக்கும். லோடு ஏறும்போது அது ஒரு வோல்ட் இறங்கும், ஐ.சி.யின் உள்ளே இரண்டு இரண்டரை வோல்ட் போய்விடும். ஆக, ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலின் உச்சம் சுமார் 13 வோல்ட். 13-ஐ 13-ஆல் பெருக்கி, 8 ஓமின் இரு மடங்கான 16-ஆல் வகுத்தால் பத்தரை வாட். 100 வாட் என்று விற்கப்படும் 7294 போட்டாலும் இந்த டிரான்ஸ்ஃபார்மரில் பத்து வாட்தான். 3886 போட்டாலும் அதேதான். 5200/1943 போர்டில் டிரைவரிலும் எமிட்டர் ரெசிஸ்டரிலும் சேர்த்து மூன்று நான்கு வோல்ட் போவதால் எட்டு வாட்டோடு நின்றுவிடும். அந்த போர்டுகள் பெரும்பாலும் ±35 வோல்ட்டுக்கு மேல் ஓடுவதற்கென்றே மதிப்புகள் போட்டு வருகின்றன. ±16-ல் பயாஸ் சரியாக உட்காராமல், மெல்லிய ஒலியில் கரகரப்பு வரும். "டிரான்ஸிஸ்டர் போர்டு வாங்கினேன், ஐ.சி. போர்டை விட மோசமாக இருக்கிறது" என்ற புகாரின் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

பத்து வாட்டுக்கும் ஐம்பது வாட்டுக்கும் உள்ள இடைவெளி 7 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். ஆகவே இந்த அறைக்கு மிதமான சத்தத்தில் பத்து வாட் போதும் என்று சொல்லலாம், ஆனால் பாட்டின் உச்சங்களை மறக்கக் கூடாது. சராசரி ஒரு வாட்டில் ஓடும் இசையில் ஒரு மிருதங்க அடி 15 டெசிபெல் மேலே எழுந்தால், அந்தக் கணத்துக்கு மட்டும் 30 வாட்டுக்கு மேல் தேவை. பத்து வாட் ஆம்பில் அந்த உச்சி வெட்டப்படும். வெட்டுப்பட்ட உச்சிதான் நாம் "டிரெபிள் குத்துகிறது", "தவில் அடி தட்டையாக இருக்கிறது" என்று சொல்வது. அதே பாட்டை 50 வாட் ஆம்பில் கேட்டதும் "இதில் டீட்டெயில் அதிகம்" என்று தோன்றும். கிடைத்தது டீட்டெயில் இல்லை, உச்சத்துக்கான இடம். இப்போது வரும் சினிமாப் பாடல்களில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி குறைவு என்பதால் சின்ன ஆம்பிலும் அவை தப்பித்துவிடும். கச்சேரிப் பதிவுகள் தப்பிக்காது.

அடுத்தது கெயின். ஒப்பீட்டில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான் என்பது என் கணிப்பு. 4440-இன் கெயின் 51 டெசிபெலைத் தாண்டும். 7294-இன் வழக்கமான சர்க்யூட்டில் (22 கிலோ ஓம், 680 ஓம்) சுமார் 30 டெசிபெல். 3886-இல் 20 கிலோ ஓமும் ஒரு கிலோ ஓமும் போட்டால் 26 டெசிபெல். எனவே ஒரே போனை மாட்டி, வால்யூமைக் கால் திருப்பு திருப்பினாலே 4440 அலறும். 3886 அடக்கமாக இருக்கும். "4440 என்ன பவர்!" என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. நிஜத்தில் அதன் தரவுத்தாளில் இருப்பது 13.2 வோல்ட்டில், 4 ஓமில், சேனலுக்கு 6 வாட். இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜ் செய்தால் 19 வாட். அந்த அதிக கெயினுக்கு விலையும் உண்டு. ஸ்ஸ் என்ற இரைச்சல், போன் சார்ஜரின் கீச்சொலி, ஹம்மிங் எல்லாமே 3886-ஐ விட 25 டெசிபெல் அதிகமாகப் பெருக்கப்பட்டு வெளியே வரும். 4440 கார் ஸ்டீரியோவுக்காக உருவானது. கேசட் பிரிஆம்ப் தரும் சின்ன சிக்னலுக்கும் பேட்டரி சப்ளைக்கும் அது பொருத்தம். 1 வோல்ட் தரும் டி.ஏ.சி.க்கு (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) பின்னால் அதை வைப்பது வீண். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: அதன் இயக்க வரம்பு 18 வோல்ட். மின்வாரிய சப்ளை 250 வோல்ட்டுக்கு ஏறும் இரவில், லோடு இல்லாதபோது 12-0-12 அதைத் தாண்டிவிடும்.

இப்போது போர்டுகள்.

எல்.எம். 3886 இந்தப் பட்டியலில் என் முதல் தேர்வு. ±28 வோல்ட்டில் 4 ஓமுக்கு 68 வாட், 8 ஓமுக்கு 38 வாட் தரும். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை டிஸ்டார்ஷன் (ஒலித் திரிபு) 0.03 சதவீதம். எந்த ஸ்பீக்கரும் தானே உண்டாக்கும் டிஸ்டார்ஷன் இதைவிடப் பல மடங்கு. இதில் தவறு நடப்பது மூன்று இடங்களில். ஒன்று, கெயின் பத்து மடங்குக்குக் கீழே போனால் ஆசிலேட் ஆகும் (தானாகவே அதிரத் தொடங்கும்). இரண்டு, எட்டாம் கால் மியூட்; அதிலிருந்து மைனஸ் சப்ளைக்கு ரெசிஸ்டர் வழியாக அரை மில்லி ஆம்பியராவது இழுக்காவிட்டால் சத்தமே வராது. ஐ.சி. செத்துவிட்டது என்று கழற்றிப் போடுபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். மூன்று, வெப்பம். கிளாஸ்-ஏபி ஆம்பில் (பட்டியலில் கிளாஸ்-டி தவிர மற்ற எல்லாமே இந்த வகைதான்) மிக மோசமான நிலையில் எழும் வெப்பத்தைக் கணக்கிட, சப்ளையின் ஒரு பக்க வோல்டேஜை அதனாலேயே பெருக்கி, அதை இரட்டித்து, 9.87-ஆலும் ஸ்பீக்கர் ஓமாலும் வகுக்க வேண்டும். ±28 வோல்ட், 8 ஓம் என்றால் 20 வாட். ±35 வோல்ட்டில் 4 ஓம் மாட்டினால் 62 வாட். அவ்வளவையும் அந்தச் சின்ன உலோகத் தகடு வழியாக வெளியேற்ற முடியாது. உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இடையில் புகுந்து, பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் பட் பட்டென்ற சத்தம் வரும். ஒலித்தரம் கெட்டதாகத் தோன்றும். கெட்டது வோல்டேஜ் தேர்வு.

டி.டி.ஏ. 7294-இன் வெளியீட்டில் இருப்பவை பைபோலார் அல்ல, மாஸ்ஃபெட். 5 வாட்டில், 1 கிலோ ஹெர்ட்ஸில் டிஸ்டார்ஷன் 0.005 சதவீதம், ±35 வோல்ட்டில் 8 ஓமுக்குத் தொடர்ந்து 70 வாட். பெட்டியில் போட்டிருக்கும் 100 வாட் என்பது 10 சதவீத டிஸ்டார்ஷனில் எடுத்த அளவு, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அசல் ஐ.சி.யும் நல்ல லேஅவுட்டும் இருந்தால் இதற்கும் 3886-க்கும் காது வித்தியாசம் காணாது. சிக்கல், சந்தையில் போலி மலிந்து கிடப்பது. போலி 7294 ±35 வோல்ட் கொடுத்ததும் வெடிக்கும், அல்லது 20 வாட்டிலேயே பிசிறடிக்கும். இன்னொன்று, இதன் பின்தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைக்கா ஷீட்டும் புஷ்ஷும் இல்லாமல், உடலோடு கிரவுண்ட் ஆன ஹீட் சிங்கில் இறுக்கினால் ஷார்ட். 3886-இன் சாதாரண உலோக முதுகு வகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பழைய சான்யோ ஆம்ப் ஐ.சி.களான எஸ்.டி.கே. பற்றியும் கேட்பார்கள். சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவு 2011-இல் ஆன் செமிகண்டக்டரிடம் போய்விட்டது. பழைய 41 வரிசை இன்று அசலாகக் கிடைப்பது அரிது. பழைய டெக்கில் ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். புதிதாக அதில் கட்ட வேண்டாம்.

5200/1943 போர்டுக்கு வருவோம். தோஷிபாவின் இந்த ஜோடி 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் தாங்கும் அருமையான டிரான்ஸிஸ்டர். ஆனால் டிரான்ஸிஸ்டர் மட்டும் ஆம்ப் ஆகிவிடாது. இன்புட் ஜோடி, வோல்டேஜ் ஆம்ப், பயாஸ், காம்பன்சேஷன் எல்லாம் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. நன்றாக வடிவமைத்த போர்டு எந்த ஐ.சி.யையும் அளவில் மிஞ்சும். மலிவாக வரும் போர்டுகளில் பெரும்பாலானவை மிஞ்சாது.

முக்கிய இடம் பயாஸ். சிக்னலின் பிளஸ் பாதியை ஒரு டிரான்ஸிஸ்டரும் மைனஸ் பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. கை மாறும் இடத்தில் இரண்டும் கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். பயாஸ் குறைந்தால் அங்கே ஒரு படி விழும். சத்தமாக வைக்கும்போது அது தெரியாது. இரவில் மெதுவாக வைத்து வீணையின் நாதம் தேய்ந்து அடங்குவதைக் கேட்டால், கடைசி நீட்சியில் மணல் உரசுவது போலத் தெரியும். அளவுக் கணக்கில் இந்த டிஸ்டார்ஷன் சின்னதாக இருந்தாலும் காதை உறுத்தும், ஏனென்றால் அதில் எழுவன மேல் வரிசை ஹார்மானிக்குகள். சரி செய்வது எளிது. இன்புட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் இல்லாமல், 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். 15 முதல் 20 மில்லிவோல்ட் வரும்படி பிரிசெட்டை (போர்டில் உள்ள சின்ன திருகு ரெசிஸ்டர்) திருப்பினால் ஜோடிக்கு 70 முதல் 90 மில்லி ஆம்பியர். இருபது நிமிடம் சூடாகவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் பயாஸ் டிரான்ஸிஸ்டர் (பெரும்பாலும் பி.டி. 139) ஹீட் சிங்கைத் தொடவில்லை என்று பொருள். அதைக் கழற்றி, மைக்கா வைத்து, பவர் டிரான்ஸிஸ்டருக்கு அருகிலேயே ஹீட் சிங்கில் திருகுங்கள். பிரிசெட்டே இல்லாமல் இரண்டு டயோடு மட்டும் போட்ட போர்டுகளை வாங்காதீர்கள்.

இந்த ஜோடியிலும் போலி ஏராளம். கொள்ளளவு அளக்கும் மீட்டர் இருந்தால், நம்பகமான இடத்தில் வாங்கிய ஒரு அசலின் கலெக்டர்-பேஸ் கொள்ளளவை அளந்து வைத்துக்கொண்டு, சந்தேகப்பட்டதை அதோடு ஒப்பிடுங்கள். உள்ளே சின்னச் சில்லு வைத்து விற்கப்படுவது பாதிக்கும் கீழே காட்டும்.

கிளாஸ்-டி பற்றிய பழைய அபிப்பிராயங்களை ஒதுக்கிவைக்கலாம். டி.பி.ஏ. 3116 போர்டு 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (அடாப்டர் வகை ஸ்விட்சிங் சப்ளை) 8 ஓமுக்கு முப்பது வாட் அளவுக்குக் கொடுக்கும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரில்கூட இருபது வாட் வரும். குறைகள் வேறு இடத்தில் உண்டு. வெளியீட்டில் காயில் (கம்பிச் சுருள்), கப்பாசிட்டர் இரண்டும் சேர்ந்த ஃபில்டர், ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து நடந்துகொள்ளும். 10 மைக்ரோ ஹென்றி, 0.68 மைக்ரோ ஃபாரட் என்ற வழக்கமான மதிப்புக்குக் கணக்குப் போட்டால், 20 கிலோ ஹெர்ட்ஸில் 4 ஓமுக்கு முக்கால் டெசிபெல் குறையும், 8 ஓமுக்கு அரை டெசிபெல் கூடும். ட்வீட்டரின் இம்பிடன்ஸ் (ஏ.சி.க்குக் காட்டும் ஓம்) அங்கே இன்னும் ஏறினால் ஒரு டெசிபெலை நெருங்கும். ஒரே போர்டை ஒருவர் "டல்" என்றும் இன்னொருவர் "பளிச்" என்றும் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. டி.பி.ஏ. 3255 போன்ற பெரிய ஐ.சி.களில், ஃபில்டருக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுக்கும் போர்டுகள் கிடைக்கின்றன. அவற்றில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். அளவீட்டில் அவை 3886-க்குச் சளைத்தவை அல்ல.

மலிவு 3116 போர்டில் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. 24 வோல்ட் சப்ளைக்கு 25 வோல்ட் கப்பாசிட்டர் போட்டு வருவன உண்டு, அவற்றை 35 வோல்ட்டாக மாற்றுங்கள். கெயினை 20, 26, 32, 36 டெசிபெல் என்று ரெசிஸ்டரால் மாற்றலாம். உயரே வைத்திருந்தால் ஸ்ஸ் இரைச்சல் கூடுவதோடு இன்புட் இம்பிடன்ஸும் 60 கிலோ ஓமிலிருந்து 9 கிலோ ஓமுக்கு இறங்கும். அப்போது முன்னால் இருக்கும் சின்ன கப்ளிங் கப்பாசிட்டர் பாஸைத் தின்றுவிடும். மறக்கக் கூடாத எச்சரிக்கை: இது பிரிட்ஜ் வெளியீடு. ஸ்பீக்கரின் மைனஸ் முனையும் உயிருள்ளதே. அதை கிரவுண்டிலோ, இன்னொரு சேனலின் மைனஸிலோ சேர்த்தால் ஐ.சி. போய்விடும்.

வால்வு ஆம்பும் கிளாஸ்-ஏயும் (டிரான்ஸிஸ்டர் எப்போதும் திறந்தே ஓடுவது) தனி வகை. ஜான் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரலில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட 10 வாட் கிளாஸ்-ஏ சர்க்யூட் இன்றும் கட்டப்படுகிறது. 8 ஓமுக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சேனலுக்கு 32 வாட் வெப்பம். கை மாறும் இடமே இல்லாததால் மெல்லிய ஒலி மிகச் சுத்தம். சித்திரை வெயிலில், காற்றோட்டம் இல்லாத அறையில் இதை வைப்பது பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். வால்வு ஆம்ப் நிஜமாகவே வேறு மாதிரி ஒலிக்கும், அதற்குக் காரணமும் தெளிவானது: அதன் வெளியீட்டு இம்பிடன்ஸ் 2 ஓம் என்றால், 4 முதல் 20 ஓம் வரை ஏறி இறங்கும் ஸ்பீக்கரில் ஒலி அளவு 2.7 டெசிபெல் ஆடும். டிரான்ஸிஸ்டர் ஆம்பின் 0.05 ஓமுக்கு இதே ஆட்டம் 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு. பிடித்தால் அது ருசி. துல்லியம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் 1985-இல், ஒரு விலை உயர்ந்த வால்வு ஆம்பின் வெளியீட்டிலிருந்து தன் டிரான்ஸிஸ்டர் ஆம்பின் வெளியீட்டைக் கழித்து, மிச்சம் மிகச் சிறிதாகும்வரை தன்னுடையதைத் திருத்தினார். 'ஸ்டீரியோஃபைல்' இதழின் ஆசிரியர்கள் கேட்டுப் பார்த்து, இரண்டையும் பிரிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

நீங்களே ஒப்பிட விரும்பினால், சத்தம் சமமாக இல்லாத ஒப்பீடு எதையும் நம்ப வேண்டாம். அரை டெசிபெல் கூடுதலாக இருப்பது "சத்தம் அதிகம்" என்று தெரியாது. "இது தெளிவாக இருக்கிறது" என்றே தெரியும். 400 ஹெர்ட்ஸ் சைன் டோனைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து, ஒன்றில் 2.00 வோல்ட் வந்தால் மற்றதிலும் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவில் வரும்படி வால்யூமை நிறுத்துங்கள். அதற்கு மேல் வால்யூமைத் தொடக்கூடாது. 4558 ஐ.சி. போட்ட டோன் போர்டை இரண்டுக்கும் முன்னாலிருந்து கழற்றிவிடுங்கள்; அதன் பாஸ், டிரெபிள் நடுவில் இருந்தாலும் நேர்கோடாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஸ்பீக்கரை மாற்றும் ரிலே இரண்டு வயரையும் மாற்ற வேண்டும், கிளாஸ்-டியின் காரணமாக. வால்வு ஆம்ப் ஒப்பீட்டில் இருந்தால், மாற்றும்போது அது லோடு இல்லாமல் நிற்காதபடி 8 ஓம் பவர் ரெசிஸ்டரைத் தாங்கலாகக் கொடுங்கள். மாற்றுவது வேறொருவர் கையில், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் கேட்கிறது என்று கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அப்படி அமைய நான்கு சதவீத வாய்ப்புதான் உண்டு.

உங்கள் நிலைமைக்கு இரண்டு வழிகள். இருக்கும் 12-0-12-ஐயே வைத்துக்கொள்வதானால் 3886-ஐ விடச் சின்ன ஆம்ப் ஐ.சி.யான எல்.எம். 1875 இரண்டு போதும். ±16-ல் பத்து வாட் வரும். சுத்தமான ஒலி, கட்டுவதற்கும் எளிது. உச்சங்களுக்கு இடம் வேண்டுமென்றால் 18-0-18, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரும் எல்.எம். 3886 இரண்டும். ±24 வோல்ட்டில் 8 ஓமுக்கு 25 வாட்டுக்கு மேல் வரும், பின்னால் 4 ஓம் பாக்ஸ் வாங்கினாலும் ஐ.சி. தாங்கும். 24-0-24-க்குப் போகாதீர்கள், கிடைக்கும் கூடுதல் மூன்று டெசிபெல்லுக்கும் குறைவு, வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ தேடும்போது போர்டை மலிவாக எடுத்து, ஐ.சி.யை மட்டும் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமிருந்து தனியாக வாங்கி மாட்டுவது நல்லது.

சப்ளையின் பிளஸ், மைனஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10,000 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் கப்பாசிட்டர். உலோக உடல் கொண்ட 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர். டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயர் முதலில் இரண்டு கப்பாசிட்டரும் சேரும் இடத்துக்கு வரட்டும். அங்கிருந்து சிறு தூரம் தள்ளி ஒரே புள்ளியில் ஸ்பீக்கர் மைனஸ்களும் போர்டின் கிரவுண்டும் தனித்தனி வயராகச் சேரட்டும். ஹம்மிங் வந்தால் இன்புட்டை ஷார்ட் செய்து பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் கேபிளிலோ போன் பக்கத்திலோ. நிற்காமல் கரகரவென்ற 100 ஹெர்ட்ஸ் இருந்தால் சார்ஜிங் கரண்ட் கிரவுண்ட் வயரில் கலக்கிறது. மழுங்கிய 50 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் போர்டுக்கு மிக அருகில் இருக்கிறது, தள்ளிவைத்துத் திருப்பிப் பாருங்கள். பாட்டு இல்லாமலே ஹீட் சிங்க் சுட்டால் ஆசிலேஷன். 10 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட்டும் சேர்ந்த ஜோடி ஸ்பீக்கர் வெளியீட்டில் இருக்கிறதா, 0.1 மைக்ரோ ஃபாரட் டீகப்ளிங் ஐ.சி. காலை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்துக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்து ஷார்ட் தேடுங்கள். பிறகு ஸ்பீக்கர் இல்லாமல் வெளியீட்டில் டி.சி. அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம். அதிலும் யு.பி.சி. 1237 ரிலே பாதுகாப்பு போர்டு ஒன்றை நடுவில் வைத்து மாட்டுங்கள், ஐ.சி. ஒன்று செத்து முழு சப்ளையும் வெளியீட்டுக்கு வந்தால், வூஃபரின் காயில் எரிவதற்குள் அந்த ரிலே பிரித்துவிடும்.